படங்களுக்கு விருப்பக்குறி வருகிறது, கறித்தூளுக்கு ஓடர் வரவில்லை: சமூக ஊடகங்களில் நேரத்தை எப்படிச் செலவிடுவது?

கேள்வி: வெள்ளவத்தைக் கறித்தூள்

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் இருந்தபடி, யாழ்ப்பாண முறையில் வறுத்து அரைத்த கறித்தூள், அரிசிமா, மோர் மிளகாய், ஊறுகாய் ஆகியவற்றைச் செய்து விற்று வருகிறேன். உதவிக்கு மாமியும், கிழமையில் சில நாட்கள் வந்துபோகும் ஓர் அம்மாவும் இருக்கிறார்கள். முகநூல் பக்கம், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் ஆகியவற்றோடு, அண்மையில் மகனின் வற்புறுத்தலால் டிக்டொக்கும் சேர்ந்துகொண்டது. படங்களுக்கு விருப்பக்குறிகள் நிறைய வருகின்றன. "ஊர் வாசம் அடிக்கிறது" என்று பின்னூட்டம் இடுகிறார்கள். ஆயினும் வாங்குபவர்கள் பழைய வாடிக்கையாளர்களும் அவர்கள் சொல்லி வருபவர்களும்தான். மிளகாயின் பதம் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதாக மாமி சொல்வதை மறுக்க முடியவில்லை. விளம்பரத்துக்குப் பணம் கட்டிப் பார்க்கலாமா? அல்லது ஒன்றிரண்டு தளங்களைக் கைவிட்டு, மீதியை ஒழுங்காக நடத்துவதா? அனுபவம் உள்ளவர்கள் கூறவும்.

பதில்: புறக்கோட்டைத் துணிக்கடை

சகோதரி, பணம் கட்டுவதற்கு முன்னர், உங்கள் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் எந்த நகரங்களில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். முகநூல் பக்கத்தின் புள்ளிவிவரப் பகுதி அதை நகரவாரியாகவே காட்டும். ஊர் வாசத்துக்கு ஏங்குபவர் பெரும்பாலும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். அவருடைய அன்பில் குறையில்லை, ஆனால் அரைக்கிலோ தூளை அவர் வீட்டுக்கு அனுப்பும் செலவு தூளின் விலையை விஞ்சிவிடும். அதற்காக அவரை ஒதுக்கிவிடவும் வேண்டாம்; அவருடைய பெற்றோர் உங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கக்கூடும், அவரும் ஆடி, ஆவணி விடுமுறையில் வந்து திரும்பும்போது பெட்டியில் இடம் தேடித் தூள் கொண்டு போகிறவராக இருப்பார். காற்று நீக்கிய பொதி, அதன் எடை, எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்ற மூன்று விவரங்களையும் அவருக்காகத் தனிப் பதிவாக எழுதி, விடுமுறை தொடங்குவதற்குச் சற்று முன்னர் இடுங்கள்.

அடுத்தது விலை. நம்மவர்களின் பக்கங்களில் பாதிக்கு மேல் "விலைக்கு இன்பொக்ஸ் வரவும்" என்றே எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியால் வாங்க வந்தவர் கூச்சப்பட்டோ அலுத்தோ நகர்ந்துவிடுகிறார் என்பது என் உறுதியான எண்ணம். எடை, விலை, எந்தெந்தப் பகுதிகளுக்குக் கொண்டுவந்து தருவீர்கள், எந்த நாட்களில் தருவீர்கள் என்பவற்றைப் படத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரே கேள்விக்கு நாள் முழுவதும் பதில் எழுதும் வேலை அப்போதே பாதியாகக் குறையும்.

முகநூலைக் கடையின் முகப்பாகவும் வட்ஸ்அப்பைக் கணக்கு மேசையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பின் வணிகச் செயலி இலவசமானது. அதில் பொருட்களை விலையோடு அடுக்கும் பட்டியல், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான ஆயத்தப் பதில்கள், "பணம் வந்தது", "அனுப்ப வேண்டும்" என்று உரையாடல்களுக்கு ஒட்டும் அடையாளச் சீட்டுகள், வேலை நேரத்துக்கு வெளியே தானாகவே செல்லும் செய்தி ஆகியவை உள்ளன. இவற்றை ஒருமுறை ஒழுங்குபடுத்திவிட்டால், காலையிலும் மாலையிலும் ஒரு குறித்த நேரம் மட்டும் கைத்தொலைபேசியை எடுத்தால் போதும். மாமிக்கும் மனத்தாங்கல் இராது. இவ்வளவும் ஆன பிறகுதான் விளம்பரம். அதையும் இலங்கை முழுவதற்கும் விடாமல், வெள்ளவத்தையைச் சுற்றிச் சில கிலோமீற்றருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும், நேரே வட்ஸ்அப்புக்கு அழைத்துவரும் பொத்தானோடு, சிறு தொகையில் தொடங்குங்கள்.

பதில்: அச்சுக்கூடத்தவர், கொட்டாஞ்சேனை

மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன், ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சொல்லி வருபவர்கள்தான் வாங்குகிறார்கள் என்று குறைபோல எழுதியிருக்கிறீர்கள். அவர்கள்தான் உங்கள் மூலதனம். அவர்களுடைய இசைவைக் கேட்டு, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் அவர்களைச் சேருங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை இடம் உண்டு. உங்கள் எண்ணைத் தம் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே அச்செய்தி போய்ச் சேரும் என்பதால், ஒவ்வொரு பொதியிலும் எண்ணை அச்சிட்டு, பதிந்து வைக்குமாறு கேளுங்கள். எங்கிருந்தோ கிடைத்த எண்களுக்கு விளம்பரம் அனுப்பாதீர்கள். அது எரிச்சலை வளர்ப்பதோடு, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கும் மாறானது.

வாடிக்கையாளர் எண்களைக் கொப்பியிலும் எழுதி வையுங்கள். 2018 மார்ச்சிலும், 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இந்நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. கொப்பி வைத்திருந்தவர்கள் அந்நாட்களில் தொலைபேசியில் அழைத்து ஓடர் எடுத்தார்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பின்தொடர்பவர்களின் பட்டியலைப் பார்த்தேன். கொழும்பு மூன்றாவது இடத்தில்தான் இருக்கிறது. டிக்டொக்கைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

பதில்: தெகிவளை வாசகி

நான் விற்பவள் அல்லள், வாங்குபவள். தூள் வாங்கும்போது எனக்கிருக்கும் ஐயங்கள் இரண்டு: நிறம் சேர்த்திருக்கிறார்களா, மிளகாயைத் துப்புரவாக்கித்தான் வறுக்கிறார்களா. காம்பு நீக்குவதையும், கொத்தமல்லி, பெருஞ்சீரகம், மிளகு ஆகியவற்றைத் தனித்தனியே வறுப்பதையும் பாட்டு எதுவும் போடாமல் ஒரு நிமிடத்துக்குள் காட்டும் காணொளி அந்த ஐயங்களைத் தீர்க்கும். எப்படியும் வறுக்கத்தானே போகிறீர்கள். மகன் அருகில் நின்று எடுத்து, அதே துண்டை முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் ஆகிய மூன்றிலும் இடட்டும். ஆடிப் பாடும் காணொளிகளைத் தாராளமாக விட்டுவிடலாம். விவரங்களைத் தமிழோடு சிங்களத்திலும் எழுதுங்கள். நண்டுக்கறிக்கு யாழ்ப்பாணத் தூள் தேடும் சிங்களத் தோழிகள் எனக்குப் பலர் இருக்கிறார்கள், உங்கள் பக்கத்தை அவர்களால் வாசிக்க முடியாது.

பதில்: புறக்கோட்டைத் துணிக்கடை

வாசகி சொன்னது சரி; துணி விற்கும் எனக்கு அது தோன்றவில்லை. ஓடர்கள் கூடத் தொடங்கும்போது கவனிக்க வேண்டிய இரண்டையும் சொல்லிவிடுகிறேன். பணம் வைப்பிட்டதாக அனுப்பப்படும் சீட்டின் படத்தை மட்டும் நம்பிப் பொதியை அனுப்பாதீர்கள், வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்ததைப் பார்த்த பின்னரே அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை, அதாவது கணக்கைத் திறக்கக் கூடுதலாக ஓர் இரகசிய எண்ணையும் கேட்கும் வசதியை, இன்றே இயக்குங்கள். ஆறு இலக்கக் குறியீடு ஒன்று தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அதைத் திருப்பி அனுப்புங்கள் என்று தெரிந்தவரின் எண்ணிலிருந்தே செய்தி வந்தாலும், கொடுக்க வேண்டாம், கொடுத்தால் உங்கள் வட்ஸ்அப் கணக்கு மோசடிக்காரர் கைக்குப் போய்விடும் என்று மகனிடமும் மாமியிடமும் சொல்லி வையுங்கள்.