பேக்கேஜுக்குப் 'பொதி' சரி, டிபெண்டன்சிக்குச் 'சார்பு' வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆக்டேவ் என்ற கணித மென்பொருளுக்கு நாம் எழுதும் தமிழ்க் கையேட்டில் கூடுதல் பேக்கேஜ்களைச் சேர்ப்பது பற்றிய அத்தியாயம் சொற்கள் முடிவாகாததால்தான் நிற்கிறது. இன்ஸ்டாலுக்கு 'நிறுவு' என்பதில் யாருக்கும் மறுப்பில்லை, அதை விட்டுவிடலாம். பேக்கேஜ் (மென்பொருளோடு கூடுதலாகச் சேர்க்கும் கட்டு), லோட் (நிறுவியதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது), டிபெண்டன்சி (ஒரு பேக்கேஜ் இயங்க முன்னதாக இருக்க வேண்டியது) மூன்றும்தான் பாக்கி. இவற்றுக்குக் குழுவில் நீங்கள் அனுப்பிய பரிந்துரைகளுக்கு என் பதில் இது. இவற்றை வெறும் கணினிச் சொற்களாக மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பது என் கருத்து. இது கணித மென்பொருள். படிக்கப்போகிறவர் பள்ளியில் தமிழில் கணிதம் படித்துவிட்டு வருகிறவர், அவர் மனத்தில் ஏற்கெனவே பொருள் பதிந்த சொற்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் நாம் வேறு பொருளை ஏற்றி வைத்தால் அவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

பேக்கேஜுக்குத் 'தொகுப்பு' என்ற பரிந்துரையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலருக்குப் பலரும் 'தொகுப்பி' என்று எழுதுகிறார்கள், விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தைத் திருத்தப் போனால் அங்கேயும் 'தொகு' என்றுதான் இருக்கிறது. ஆக்டேவில் இது ஏட்டுச் சிக்கல் இல்லை. பல பேக்கேஜ்கள் சி++ மூலநிரலோடு வருகின்றன, நிறுவும்போது அந்த நிரல் நம் கணினியிலேயே கம்பைல் ஆகிறது. அதனால்தான் கம்பைலரும் ஆக்டேவின் டெவலப்பர் கோப்புகளும் இல்லாத லினக்ஸ் கணினிகளில் நிறுவல் பாதியில் நின்றுபோகிறது. அந்தப் பிழையைக் கையேட்டில் விளக்கும்போது 'தொகுப்பைத் தொகுக்கத் தொகுப்பி இல்லை' என்றா எழுதுவது? போதாக்குறைக்கு, இன்டக்ரேஷனுக்குப் பாடநூலில் 'தொகையிடல்' என்று வேறு இருக்கிறது. ஒரே வேரில் இத்தனை சுமை வேண்டாம்.

பேக்கேஜுக்கு வந்த இன்னொரு பரிந்துரையான 'துணைநிரல்' ஃபயர்ஃபாக்ஸ் தமிழாக்கத்தால் பலருக்கும் பழகிய சொல், உலாவிக்கு அது பொருத்தம்தான். ஆனால் இங்கே வருவதெல்லாம் நிரல் இல்லை. ஜிஏபி என்ற, குலங்களை (கணிதத்தில் குரூப்) கணிக்கும் மென்பொருளின் ஸ்மால்குரூப் பேக்கேஜைப் பாருங்கள். வரிசை (உறுப்புகளின் எண்ணிக்கை) 2000 வரையுள்ள எல்லாக் குலங்களும் (1024 மட்டும் நீங்கலாக) அதில் இருக்கின்றன, மொத்தம் 42 கோடிக்கு மேல். அதன் உயிர் அந்தத் தரவுதான், நிரல் அதை எடுத்துத் தர உதவுகிறது. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் தரவு அட்டவணைகளை மட்டுமே கொண்ட பேக்கேஜ்களும் உண்டு. இவற்றைத் துணைநிரல் என்றால் பெயர் ஒன்று, பொருள் வேறு என்றாகிவிடும்.

ஆகவே என் வாக்கு 'பொதி'க்கு. தமிழ் லினக்ஸ் வட்டாரத்தில் இது புழக்கத்தில் உள்ள சொல்தான், நாம் புதிதாக எதையும் திணிக்கவில்லை. "கழுதைப் பொதி நினைவுக்கு வருகிறது, மாணவர்கள் சிரிப்பார்கள்" என்று நம் குழுவின் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, திருப்பைஞ்ஞீலியில் இறைவன் அப்பருக்குக் கொடுத்ததும் பொதிசோறுதானே? இலங்கைச் செய்திகளில் உலர் உணவுப் பொதி, நிவாரணப் பொதி என்று அன்றாடம் வருகிறதே, அங்கே யாரும் சிரிப்பதில்லை. வேண்டியதையெல்லாம் சேர்த்துக் கட்டி, கொண்டுபோகத் தோதாக ஆக்கியது பொதி. ஆக்டேவ் பேக்கேஜும் அப்படித்தான் இருக்கிறது. அமுக்கிய ஒற்றைக் கோப்பாக வருகிறது, பிரித்துப் பார்த்தால் பெயரும் பதிப்பும் எழுதிய விவரக்கோப்பு, உரிமக்கோப்பு, ஆக்டேவ் நிரல்களுக்கு ஓர் அடைவு, சி++ மூலநிரல் இருந்தால் அதற்கு இன்னோர் அடைவு.

அப்புறம், பொதி என்று வைத்துவிட்டால் லோடுக்குத் தேட வேண்டியதே இல்லை. பொதியை ஏற்றுகிறோம், இறக்குகிறோம். லோட் 'ஏற்று', அன்லோட் 'இறக்கு'. லோடுக்குச் 'செயல்படுத்து' என்ற பரிந்துரை வேண்டாம், ஒரு கட்டளையை இயக்குவதற்கு அது தேவைப்படும். 'இறக்கு' என்றால் டவுன்லோடோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். டவுன்லோடுக்கு எப்போதும் 'பதிவிறக்கு' அல்லது 'தரவிறக்கு' என்று முழுச் சொல்லையே எழுதுவோம், தனியாக 'இறக்கு' என்று வந்தால் அது அன்லோட்தான். அன்இன்ஸ்டாலுக்கு 'நீக்கு' போதும்.

நிறுவுவதும் ஏற்றுவதும் வேறு வேறு என்பதைக் கையேடு தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும், புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஒருவர் சிக்னல் என்ற பொதியை நிறுவியாகிவிட்டது, வடிகட்டி ஒன்றை வடிவமைக்க அதிலுள்ள பட்டர் என்ற ஃபங்ஷனின் பெயரை அடிக்கிறார், பிழை வருகிறது. அந்தப் பிழைச்செய்தியை நிதானமாகப் படித்தால் அது மிகச் சரியாகவே பேசுகிறது (ஃபங்ஷனைச் 'சார்பு' என்று எழுதுகிறேன்): இந்தச் சார்பு சிக்னல் பொதியைச் சேர்ந்தது, பொதி நிறுவப்பட்டிருக்கிறது, ஆனால் ஏற்றப்படவில்லை. ஆக்டேவை மூடித் திறந்தால் மறுபடி ஏற்ற வேண்டும், இல்லையென்றால் தொடக்கக் கோப்பில் அந்தக் கட்டளையை எழுதி வைக்க வேண்டும். பொதிகளைப் பட்டியலிடச் சொன்னால் ஏற்றிய பொதியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், அதை ஒரு படத்தோடு போட்டுவிட்டால் பாதிக் கேள்விகள் குறையும்.

இப்போது டிபெண்டன்சி. நான் விட்டுக்கொடுக்க முடியாத இடம் இதுதான். 'சார்பு' என்று மூன்று பேர் முன்மொழிந்திருக்கிறீர்கள், மற்ற மென்பொருள்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத்தின் முதல் அத்தியாயமே 'உறவுகளும் சார்புகளும்'. ஃபங்ஷனுக்குச் சார்பு என்பது அந்த மாணவருக்கு மனப்பாடம். 'சிக்னல் பொதியின் சார்புகள்' என்று நாம் தலைப்பிட்டால் அதிலுள்ள ஃபங்ஷன்களைச் சொல்கிறோமா, அதற்கு முன்னால் நிறுவ வேண்டிய பொதிகளைச் சொல்கிறோமா? மேலே நான் எழுதிய பிழைச்செய்தி வாக்கியத்தில் 'இந்தச் சார்பு' என்பதை டிபெண்டன்சி என்று படித்துப் பாருங்கள், அர்த்தமே தலைகீழாகிவிடும்.

ஃபங்ஷனுக்குச் 'செயற்கூறு' என்று எழுதிவிட்டால் 'சார்பு' என்ற சொல் டிபெண்டன்சிக்குக் காலியாகிவிடுமே என்று குழுவின் அக்கா ஒருவர் கேட்டிருந்தார்கள். கணினி அறிவியல் பாடநூலில் செயற்கூறு இருக்கிறது, உண்மைதான். சாதாரண நிரல்மொழிக் கையேடாக இருந்தால் நானும் உடன்படுவேன். இங்கே அது நடக்காது அக்கா. சைன் என்பது ஆக்டேவில் அழைக்கும் செயற்கூறு, அதையே வரைபடமாக வரையும்போது முக்கோணவியல் சார்பு. ஒரே பக்கத்தில் இரண்டும் வரும், சார்பை அங்கிருந்து கிளப்பவே முடியாது.

அதனால் 'முன்தேவை' என்று வைப்போம். சிக்னல் பொதிக்குக் கன்ட்ரோல் பொதி முன்தேவை. வெளியிலிருந்து வருவதற்கும் இது ஒத்துவரும்: சிம்பாலிக் பொதிக்குப் பைத்தான் நிரல்மொழியும் அதன் சிம்பை என்ற கணித நிரலகமும் முன்தேவை, அவை ஆக்டேவ் பொதிகளே இல்லை. டிபெண்டன்சிக்குத் 'தேவைப்பொதி' என்றால் இந்த இரண்டாவது வகை வெளியே நின்றுவிடும், அதனால்தான் அதைத் தவிர்க்கிறேன். முன்தேவை நிறைவேறாதபோது வரும் செய்தியையும் ஒருமுறை எழுதிப் பார்த்தேன்: 'பின்வரும் முன்தேவைகள் நிறைவேறவில்லை: சிக்னலுக்குக் கன்ட்ரோல் 2.4.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை.' தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது.

கட்டளைகளை அப்படியே ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு சொல்லும் முதலில் வரும் இடத்தில் பிகேஜி இன்ஸ்டால், பிகேஜி லோட் என்று ஆக்டேவின் கட்டளையையும் பக்கத்தில் கொடுத்துவிடலாம். பொதி, ஏற்று, முன்தேவை மூன்றுக்கும் மறுப்பு இருப்பவர்கள், அந்தச் சொல் தவறிப்போகும் ஒரு வாக்கியத்தையாவது எழுதிக் காட்டுங்கள். ஆரின் லைப்ரரியை அடுத்த மடலில் எடுத்துக்கொள்வோம். அங்கே பொதிகளைச் சேமிக்கும் இடத்துக்கும் அந்தப் பெயர், பொதியை ஏற்றும் கட்டளைக்கும் அதே பெயர். 'நூலகம்' என்று எழுதினால் முதல் பொருளுக்குச் சரியாக வருகிறது, இரண்டாவதற்கு எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.