புதுப்பிப்பு: மேடையில் பேஸ் கிட்டாரின் சுரம் தெளிவாகக் கேட்காத சிக்கல் தீர்ந்தது

பிரபலப் பாடல்களை வாசிக்கும் எங்கள் பொழுதுபோக்குக் குழுவில், என் பேஸ் கிட்டார் வெறும் அதிர்வாகக் கேட்கிறதே தவிரச் சுரம் பிரிந்து கேட்பதில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. பலன் தந்தது, ஆம்ப்ளிஃபயரில் தாழ்ந்த ஒலிகளுக்கான பேஸ் குமிழைக் குறைத்து, 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியைச் சற்றே உயர்த்தச் சொன்ன யோசனைதான். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தியான ஈ (E) தந்தியின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் என்றாலும், அதன் சுரத்தைக் காது பிரித்தறிவது பெரும்பாலும் அந்த அதிர்வெண்ணின் மடங்குகளாக உடன் ஒலிக்கும் மேல் ஒத்திசைகளால்தான் என்பதால், கிக் டிரம்மோடு (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) மோதிக்கொண்டிருந்த தாழ்ந்த ஒலிப்பகுதி குறைந்ததும் ஒவ்வொரு சுரமும் துலங்கியது. தந்திகளைப் புதிதாக மாற்றியதில் பெரிய வித்தியாசமில்லை. எதிர்பாராதது ஒன்று: தனியாக வாசித்தால் இதே அமைப்பு மூக்கடைத்தாற்போல் ஒலிக்கிறது, ஆகவே முழுக் குழுவும் வாசிக்கும்போதே குமிழ்களைத் திருப்பிப் பாருங்கள். கீபோர்டு வாசிப்பவர் என் பேஸோடு மோதாதபடி தம் இடக்கையை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிக்கொண்டது, கேட்காமலே கிடைத்த உதவி.