எடை சரி, மனம் ஒப்பவில்லை: அறத்துக்கு அடிப்படை விதியா, குணமா?

மளிகைக்கடை மகள்:
அப்பா நாற்பது ஆண்டுகள் நடத்திய கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் கடைப் பையன் புளியை டப்பாவோடு சேர்த்தே நிறுத்துக் கொடுத்தான். டப்பா மட்டும் 40 கிராம். கண்டித்தேன். "டப்பாவை வைத்து, தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு நிறு" என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதை அவன் ஒருநாளும் மீறவில்லை.

சென்ற வாரம் பள்ளிச் சீருடையில் தனியாக வந்த சிறுமிக்கு, மூட்டையின் அடியில் கிடந்த நொய்யாகப் பார்த்து அள்ளிப் போட்டான். எடை பிசகவில்லை, விலையும் சரி. "என்ன தப்பு?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. இதற்கும் ஒரு விதி எழுதலாம். நாளை அதற்கு வெளியே வேறொன்று முளைக்கும்.

அப்பாவிடம் பட்டியல் எதுவும் இருந்ததில்லை. சிறுபிள்ளை வந்தால் மீதிச் சில்லறையைத் தாளில் மடித்து, உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுவார். கடமை, விளைவு என்று கல்லூரியில் படித்த அளவுகோல்களில் அவரைப் பொருத்திப் பார்த்தேன், பொருந்தவில்லை. அறத்துக்கு அடிப்படை குணம்தானா? அப்படியானால் நல்லவர் செய்வதே சரி, சரியானதைச் செய்பவரே நல்லவர் என்று வட்டமடிக்காதா?

தத்துவ மாணவன்:
அக்கா, ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1785இல் எழுதிய நூலில் உங்கள் கடையே வருகிறது! குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே விலை வைக்கும் வணிகர். தன் லாபத்துக்காக அப்படிச் செய்தால் அதில் அறமதிப்பு இல்லை என்கிறார். கடமை என்று உணர்ந்து செய்ய வேண்டும். அரிஸ்டாட்டில் இன்னொன்று கேட்கிறார்: நேர்மையாக நடப்பதில் மகிழாதவனை நேர்மையாளன் என்று எப்படிச் சொல்வது? உங்கள் அப்பா அவர் பக்கம். வட்டத்துக்கும் அவரிடம் விடை உண்டு. கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறோம். நேர்மையான செயல்களைச் செய்து செய்துதான் நேர்மையாளர் ஆகிறோம். முதலில் பிறர் சொல்லிச் செய்கிறோம், பிறகு நமக்கே கண் திறக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல்' என்ற 118ஆம் குறளைத் தராசின் முன் நின்று படியுங்கள். பரிமேலழகர் உரையில், துலாக்கோல் முதலில் தான் சமனாக நிற்கிறது. அதன் பிறகே பாரத்தை அளக்கிறது. நீங்கள் பையனுக்குத் தராசைப் பூஜ்யமாக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். வள்ளுவர் அதை நிறுக்கிற ஆளிடமே கேட்கிறார்.

எடையளவுத் துறையில் இருந்தவன்:
ஆசிரியர் ஐயா சொல்வது அழகு. ஆனால் தம் ஊராருக்குத் தாராளமாக நிறுத்து, வெளியூராரிடம் குறைத்த 'நல்லவர்'களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நடித்தார்கள் என்று சொல்லமாட்டேன். தங்கள் கோல் சாய்ந்திருந்தது அவர்களுக்கே தெரியவில்லை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை கட்டாயம், யார் கடையானாலும். குணத்துக்கு அந்த முத்திரையை யார் போடுவது? விதியைக் கைவிடாதீர்கள், அம்மா.

மளிகைக்கடை மகள்:
ஐயா, சுவரில் ஒட்டியதைக் கிழிக்கவில்லை. ஆனால் நொய்க்குப் புது விதி எழுதவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் அப்பா வந்து உட்காருகிறார். பையனை அவர் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். அதே சிறுமி இன்று வந்தாள். அப்பா எழுந்திருக்கவில்லை. "நீ போடு" என்றார். அவன் மூட்டையின் வாயை விரித்து, மேலிருந்து அள்ளினான். அப்பா பார்த்துக்கொண்டிருந்ததால்தான் செய்தானோ என்னவோ. அரிஸ்டாட்டில் சொல்வது அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது என்றால், எனக்குப் பொறுமை இருக்கிறது.