மறு: ஆரீட்ஸ் – கொடுங்கோலன் போதுமா?

வணக்கம்.

எபிரேய வேதாகமத்தில் வரும் 'ஆரீட்ஸ்' (நடுங்க வைக்கும் வலியவன்) என்ற சொல்லைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்ற கேள்விக்கு, கொடுங்கோலன் பக்கம்தான் பலரும் சாய்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சொல்லுக்குள் ஒரு கோல் இருக்கிறது. கோல் பிடிக்க ஆட்சி வேண்டும். எபிரேய ஆரீட்ஸுக்கு அது தேவையில்லை. அயின், ரேஷ், ட்ஸாதே என்ற மூன்று எபிரேய எழுத்துகளாலான அதன் வேருக்கு நடுங்குதல், நடுங்க வைத்தல் என்று இரண்டு பொருளும் உண்டு. எரேமியா 20:11இல் கடவுளே 'கிப்போர் ஆரீட்ஸ்' (கிப்போர் என்றால் வீரன்) போல நிற்கிறார். பழைய தமிழ் வேதாகமம் அங்கே 'பயங்கரமான பராக்கிரமசாலி' என்கிறது. சங்கீதம் 37:35இல் அதே சொல் 'பலவந்தன்' ஆகிவிடுகிறது. கடவுளைக் கொடுங்கோலன் என்று எழுத யாருக்குக் கை வரும்?

அப்புறம், ஆரீட்ஸின் முதல் நெடில் பன்மையில் ஏன் குறுகவில்லை என்று தம்பி கேட்ட விஷயம். நாவீ (தீர்க்கதரிசி) பன்மையில் நெவீயீம் என்று குறுகும். ஆரீட்ஸ் குறுகாமல் ஆரீட்ஸீம் என்றே நிற்கும். காரணம், இது அல்லீஸ் (களிப்பு மிகுந்தவன்) போல நடுமெய் இரட்டிக்கும் வாய்பாடு. ஒரு குணம் மிகுந்த ஆளைக் குறிக்க வருவது. ஆனால் நம் ரகரம் போலவே ரேஷும் இரட்டிக்காது. அதற்கு ஈடாக முன் உயிர் நீண்டுவிட்டது. ஈடாக வந்த நெடிலை எளிதில் பறிக்க முடியாது.

சரி, தமிழில் என்ன? வள்ளுவர் கொடுங்கோன்மைக்கு 56ஆம் அதிகாரம் வைத்துவிட்டு, அச்சுறுத்தலுக்குத் தனியாக 57ஆவது, வெருவந்த செய்யாமை, வைத்திருக்கிறார். நமக்கு வேண்டியது அச்சத்தைக் குறிக்கும் அந்த 'வெரு'. உருள், உருட்டு போல வெருள், வெருட்டு. யாழ்ப்பாணத்தில் "சும்மா வெருட்டாதே" என்று இன்றும் சொல்கிறார்கள். வெருளி என்றால் அங்கே வயலில் நிற்கும் பொம்மை, அது வேண்டாம். வெருட்டி என்றால் கொசுவிரட்டி ஞாபகம் வருகிறது. ஆகவே பெயராக வரும்போது வெருட்டன், பன்மையில் வெருட்டர். அடையாக வரும்போது சங்கப் பாட்டில் உள்ள வெருவரு. கிப்போர் ஆரீட்ஸ் 'வெருவரு வீரன்' ஆகிவிடும், கடவுளுக்கும் இழுக்கில்லை.

ஒரு எபிரேயச் சொல்லுக்குத் தமிழில் ஒரே நிகர் என்ற நம் மொழிபெயர்ப்பு விதி இதில் உடைகிறது, தெரியும். வேர் ஒன்றுதானே என்று விட்டுக்கொடுக்கலாம்.

ஏசாயா 25:3-5இல் மூன்று வசனத்திலும் இச்சொல் வருகிறது. நாலாவதில் போட்டுப் பார்த்தேன்: "வெருட்டரின் மூச்சு, சுவரில் அறையும் மழை." மற்ற இரண்டையும் யாராவது முயன்று பாருங்கள்.