சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்ட பெரியவர்

பழைய கட்டடம் ஒன்றைக் காப்பாற்ற நீங்கள் கைகொடுத்திருந்தால் இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையது.

அப்பா பினாங்கு குயின் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தார். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை கவலையில்லை. 1999 முடிவோடு அது போயிற்று. 2000 பிறந்ததும் வாடகை எகிறி, எங்கள் வரிசையில் மூன்று குடும்பங்கள் கிளம்பிவிட்டன. நாங்கள் எப்படியோ தாக்குப்பிடித்தோம்.

2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து, எங்கள் தெரு இருக்கும் ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. மறு வருடம் கடைச் சுவரில் ஈரம் ஏறி, காரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. தொட்டால் விரலில் வெள்ளை உப்பு. சுவரைப் பூச வந்த குத்தகையாளர் சிமெண்ட் மூட்டைகளை அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், இறக்கிவிட்டார்.

எதிர் வரிசைப் பெரியவர், கொத்தனாராக இருந்து ஓய்ந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, இது சுண்ணாம்புச் சுவர். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று செங்கல்லைத் தின்னும்" என்றார். பூக்கடை அக்கா, எதிர்க்கடைக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கட்டட முதலாளிக்குப் போன் போட்டோம். வந்தார், பெரியவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார், சரி என்றார். தெருவே காசு போட்டுச் சுண்ணாம்பு வாங்கியது. டிரம்மில் மூன்று வாரம் ஊறியது. தினமும் காலையில் பெரியவர் கரண்டியில் ஒரு கவளம் அள்ளிக் கவிழ்த்துப் பார்ப்பார். விழாமல் ஒட்டி நின்ற அன்றுதான் பூசவிட்டார். அந்தச் சுவர் இன்றும் உதிரவில்லை.

*கோலாலம்பூரிலிருந்து:*

2010 ஜூனில் ஓரிரவு புடு சிறையின் சுவரை இடித்தபோது ரோட்டோரம் நின்றவர்களில் நானும் ஒருவன். 1895இல் கட்டி முடித்த சிறை. "ஒரு சிறைக்காக யார் அழுவார்" என்று பலர் கேட்டார்கள். எனக்கு நெஞ்சு கனத்தது. நாங்கள் கூடியதே இயந்திரம் வந்த பிறகுதான். இன்று நுழைவாயில் நிற்கிறது, அதைச் சுற்றி வணிக வளாகம். உங்கள் தெரு முந்திக்கொண்டது.

*தண்ணீர்மலையிலிருந்து:*

அண்ணே, அந்தப் பெரியவரைப் பார்க்க முடியுமா? பாட்டி வீட்டுச் சுவரும் இதேபோல் உதிர்கிறது. மாமா சிமெண்ட் வாங்கப் போவதாகச் சொல்கிறார்.

*குயின் தெருவிலிருந்து:*

அவர் தவறி மூன்று வருடமாகிறது, தங்கச்சி. கூட நின்று கலக்கியதால் பக்குவம் எனக்குத் தெரியும். ஞாயிறு காலை வருகிறேன். அதுவரை மாமாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பழைய பெயிண்டை மட்டும் மெதுவாகச் சுரண்டி வையுங்கள்.