தென் பெருங்கடலில் இரும்பு போட்டால் கார்பன் நிஜமாகவே அடியில் போகுமா?

விஜி_டீச்சர்:
வணக்கம். பிளஸ் டூ பசங்களுக்குக் கார்பன் சுழற்சி எடுக்கிறேன். ஒரு பையன் எழுந்து, "மிஸ், அண்டார்க்டிகாவைச் சுத்தி இருக்கிற கடல்ல இரும்பைக் கொட்டினா பாசி மண்டி, காத்துல இருக்கிற கார்பனை எல்லாம் இழுத்துடுமாமே. அப்புறம் ஏன் யாரும் செய்யலை?"ன்னு கேட்டான். தேடிப் பார்த்தால், 2009ல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து லோஹாஃபெக்ஸ் என்று ஒன்றைச் செய்திருக்கிறார்கள். பாசி வளர்ந்ததாம், ஆனால் தோல்வியாம். வளர்ந்த பிறகு எப்படித் தோல்வி? பசங்களுக்குச் சொல்கிற மாதிரி யாராவது விளக்க முடியுமா?

குமரன்78:
சட்டம்தான் மேடம் காரணம். 2008லேயே லண்டன் உடன்படிக்கை (கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) நாடுகள் கூடி, முறையான அறிவியல் ஆய்வைத் தவிர வேறு எதற்கும் கடலில் இரும்பு கொட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டன. லோஹாஃபெக்ஸ் கப்பல் கேப்டவுனை விட்டுக் கிளம்பிய பிறகும் ஜெர்மனியில் எதிர்ப்பு வலுத்து, கொஞ்ச நாள் இரும்பைத் தொடாதே என்று சொல்லி வைத்திருந்தார்கள். அப்புறம்தான் அனுமதி. இதில் கார்பன் கிரெடிட் விற்றுக் காசு பார்க்கலாம் என்று சில கம்பெனிகள் வேறு கிளம்பியிருந்தன.

உப்புத்தண்ணி:
குமரன் சொன்னது சரி, ஆனால் டீச்சர் கேட்டது அதை இல்லை.

நான் விஞ்ஞானி இல்லை டீச்சர். ஆய்வுக் கப்பலில் தண்ணீர் வடிகட்டுகிற ஆள். அதனால் வடிதாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சிடிடி (ஆழத்துக்கு இறக்கி உப்பு, வெப்பம் அளக்கும் கருவி) மேலே வந்ததும் அதன் பாட்டில்களிலிருந்து தண்ணீரைப் பிடித்து, ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கிற கண்ணாடி இழைத் தாளில் இழுப்போம். கப்பல் ஆடும் ஆட்டத்தில் ஒரு கையால் மேசையையும் மறு கையால் புனலையும் பிடித்துக்கொண்டுதான் வேலை. டயட்டம் (சிலிக்காவால் கண்ணாடி மாதிரி ஓடு கட்டும் நுண்பாசி) நிறைந்த தண்ணீர் என்றால் தாள் பழுப்பாகி, சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். பம்ப் உறுமுமே தவிர, தண்ணீர் இறங்காது. எல்லோரும் கடலைப் பச்சை என்கிறார்கள், தாளில் தெரிவது பழுப்புதான். அதைத் திரவ நைட்ரஜனில் போட்டுவிட்டு அடுத்த பாட்டிலுக்குப் போக வேண்டும்.

இப்போது விஷயம். தென் பெருங்கடலில் நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் மிச்சம் கிடக்கிறது, ஆனாலும் மிதக்கும் நுண்பாசிகள் அதற்கேற்ற அளவு வளர்வதில்லை. நிலம் தூரம், தூசி வருவது குறைவு, அதனால் இரும்புப் பஞ்சம். 1980களின் கடைசியில் ஜான் மார்ட்டின் என்ற அமெரிக்கக் கடல் விஞ்ஞானி இதை எடுத்து வைத்தார். பனியுகத்தில் தூசி அதிகம், காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைவு, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார். அவர் 1993ல் இறந்துவிட்டார், கடலில் நடந்த சோதனைகளைப் பார்க்கவில்லை. 1999ல் சாய்ரீ என்ற சோதனையில் போட்ட இரும்புக்கு வளர்ந்த பாசி, வாரங்கள் கழித்தும் செயற்கைக்கோள் படத்தில் வளைந்த பட்டையாகத் தெரிந்தது. ஆக, இரும்பு போட்டால் வளரும். அதில் சண்டையே இல்லை.

சண்டை அடுத்த கட்டத்தில். மேலே வளர்ந்ததைச் சின்ன மிருகங்கள் தின்று, மூச்சு விட்டு, கழித்தால், கார்பன் அதே மேல்நீரில் கரைந்து மறுபடி காற்றுக்கே போய்விடும். நூறு வருஷக் கணக்கில் வெளியே வராமல் இருக்க வேண்டுமென்றால் ஆயிரம் மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டும். அப்படி இறங்கியதா என்று எப்படித் தெரியும்? தோரியம் 234 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து. யுரேனியம் கடல்நீரில் கரைந்தே இருக்கும், அதிலிருந்து பிறக்கும் தோரியம் கிடைத்த துகளில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். துகள் மூழ்கினால் அதுவும் மூழ்கும். மேல்நீரில் இருக்க வேண்டிய தோரியத்தில் எவ்வளவு காணோமோ, அதை வைத்துக் கீழே போன கார்பனைக் கணக்கிடுவார்கள். அரை ஆயுள் 24 நாள், அதனால் கடந்த சில வாரக் கணக்குதான் கிடைக்கும்.

இனி இரண்டு சோதனைகளை அடுத்தடுத்து வையுங்கள். இரண்டுமே போலார்ஷ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பலில். 2004ல் ஐஃபெக்ஸ்: கண்ணாடி ஓட்டு டயட்டங்கள் வளர்ந்தன, கொத்துக்கொத்தாக ஒட்டி, பாசியில் பாதிக்குக் குறையாமல் ஆயிரம் மீட்டருக்குக் கீழே இறங்கியது என்று 2012ல் கட்டுரை வந்தது. 2009ல் லோஹாஃபெக்ஸ்: தென் அட்லாண்டிக்கில் ஒரு நீர்ச்சுழலின் நடுவே 300 சதுர கிலோமீட்டரில் இரண்டு டன், பிறகு இன்னும் இரண்டு டன் இரும்பு. பச்சையமும் உற்பத்தியும் இரட்டித்தன. ஆனால் அங்கே சிலிக்கா மிகக் குறைவு, டயட்டத்துக்கு ஓடு கட்ட வழியில்லை, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட டயட்டம் இல்லை. வளர்ந்தது பெரும்பாலும் பொடி உயிர்கள். கோபிபாடுகள் (இறால் இனத்துப் பொடி மிருகங்கள்) பந்தியில் உட்கார்ந்த மாதிரி மேய்ந்துவிட்டன. மூழ்கும் துகளைப் பிடிக்கும் பொறிகளிலும் தோரியத்திலும் பார்த்தால், கீழே இறங்கிய அளவு அதிகரிக்கவே இல்லை.

அதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். இரும்பு மட்டும் போதாது, யார் வளர்கிறார்கள், யார் தின்கிறார்கள் என்பதுதான் கணக்கு என்று அது காட்டியது. செய்தித்தாளுக்குத் தலைப்பு வேண்டும், தோல்வி என்று போட்டுவிட்டார்கள்.

விஜி_டீச்சர்:
அருமை சார், நாளைக்கே வகுப்பில் சொல்கிறேன். பையன் விடமாட்டான், அடுத்த கேள்வி இப்போதே தெரிகிறது: சிலிக்கா இருக்கிற இடமாகப் பார்த்துப் போடலாமே?

உப்புத்தண்ணி:
கேட்கட்டும், நல்ல கேள்வி. தெற்கே போகப்போக சிலிக்கா கூடும். 2002ல் சோஃபெக்ஸ் என்ற சோதனையில் சிலிக்கா குறைந்த வடக்கிலும் நிறைந்த தெற்கிலும் தனித்தனியாகப் போட்டார்கள், இரண்டிலும் வளர்ந்தது. ஆனால் இறங்கிய அளவு ஆஹா ஓஹோ இல்லை. இன்னொரு சிக்கல்: அங்கே தீர்த்துவிட்ட நைட்ரேட்டும் சிலிக்காவும், அந்தத் தண்ணீர் ஆழத்தில் வடக்கே போய் வெப்பக் கடல்களில் மேலே வரும்போது இருக்காது. இங்கே கொஞ்சம் வளர்த்து அங்கே மீனைக் குறைப்பது யார் பொறுப்பு?

இயற்கையாக நடப்பதைப் பார்க்க வேண்டுமானால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் இருக்கிற கெர்கெலன் தீவு. அந்தத் தீவுப் பீடபூமிக்கு மேல் ஆழத்திலிருந்து இரும்பு தொடர்ந்து கசிந்து வருகிறது. 2005ல் கியாப்ஸ் என்ற ஆய்வுப் பயணத்தில் அளந்தபோது, ஒரு பங்கு இரும்புக்கு இறங்கிய கார்பன், செயற்கையாகக் கொட்டிய சோதனைகளில் கிடைத்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வந்தது. கொட்டுகிற இரும்பில் பெரும்பகுதி பாசிக்குக் கிடைக்காமலே போய்விடுகிறது, மெல்ல மெல்ல வருவதுதான் பயன்படுகிறது. வகுப்பில் காட்ட நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தைத் திறந்து, குளோரோபில் அடுக்கை வைத்து, நவம்பர் மாதத்தில் கெர்கெலனைத் தேடச் சொல்லுங்கள். மேகம்தான் தொந்தரவு, நாலைந்து தேதி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.