வான்தூரமா, பெருவட்டத் தொலைவா?

அன்புடையீர், வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவைத் தமிழில் எச்சொல்லால் குறிக்கலாம் என்ற நம் கலந்துரையாடலில் ஐயா ஒருவர் முன்மொழிந்த 'வான்தூரம்' செவிக்கு இனிதாகவே இருக்கிறது. ஆயினும், அது எந்தத் தூரம் என்று கேட்டால் விடை சொல்லத் தடுமாற வேண்டியுள்ளது. விமானம் உண்மையில் பறந்து கடந்த தூரம் ஒன்று. புவிப்பரப்பின்மேல் இரு நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் மற்றொன்று. மழைமேகத்தை விலக்கிச் சுற்றிப் போனாலும், இறங்க இசைவின்றி வட்டமடித்துக் காத்திருந்தாலும் முன்னது கூடும், பின்னது மாறாது. 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஐரோப்பிய ஒழுங்குவிதி, ரத்தாகும் பயணங்களுக்கான இழப்பீட்டைத் தூரத்துக்கேற்ப 250, 400, 600 யூரோ என வகுத்ததோடு, அத்தூரத்தைப் பெருவட்ட முறையிலேயே, அதாவது அந்த மிகக் குறுகிய கோட்டின்படியே, அளக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. பணம் கைமாறும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் போதாது.

ஆகவே முன்னதற்குப் 'பறப்புத் தொலைவு' என்றும், பின்னதற்குப் 'பெருவட்டத் தொலைவு' என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. கோளத்தின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு அதன் பரப்பில் அமையும் வட்டமே பெருவட்டம். நிலநடுக்கோடு அத்தகையது; மற்ற அகலக் கோடுகள் அத்தகையன அல்ல. இதை நாங்கள் இடைநிலைப்பள்ளியில் 'புலாத்தான் அகோங்' என்று மலாயில் படித்தோம். அகோங் என்றதும் அப்பட்டம் தாங்கிய எங்கள் நாட்டு மாமன்னர் நினைவுக்கு வருவார் என்பதற்காக 'மாமன்னர் வட்டம்' என்று எழுதிவிடாமல் இருந்தால் சரி.

பெருவட்டம் என்பது வளைவைத்தானே நினைவூட்டுகிறது, விமானம் நேராகத்தானே போகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையில் இந்த ஐயம் எழுவது இயல்பே; நிலநடுக்கோட்டுக்கு அருகில் தட்டையான வரைபடத்தில் இழுக்கும் நேர்கோடும் பெருவட்டக் கோடும் ஏறக்குறைய ஒன்றிவிடுகின்றன. தோக்கியோவிலிருந்து நியூயார்க் வரை நூலை உலக உருண்டையின்மேல் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது அலாஸ்கா வழியாகப் போகும். புவி முழுக்கோளம் அன்று என்பதும் உண்மையே. நடுக்கோட்டு ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,357 கிலோமீட்டர். அந்தச் சிறு வேறுபாட்டைக் கணக்கீடு பார்த்துக்கொள்ளட்டும். சொல்லின் தலையில் ஏற்ற வேண்டாம்.

'காக்கை பறக்கும் தூரம்' என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அது ஆங்கில மரபுத்தொடரின் பெயர்ப்பு. அன்றியும் எங்கள் செம்பனைத் தோட்டத்துக் காக்கை ஒருநாளும் நேராகப் பறந்து நான் பார்த்ததில்லை.

'பெருவட்டத் தொலைவு' என்ற சொல்லோடு சேர்ந்து வரும் அலகையும் முடிவு செய்துவிடலாம். பெருவட்டத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே கடல்மைல். இன்றைய வரையறைப்படி 1,852 மீட்டர். கோலாலம்பூர், சென்னை நிலையங்கள் புவிமையத்தில் ஏறத்தாழ 23.6 பாகைக் கோணத்தை அமைக்கின்றன. அதை 60ஆல் பெருக்கினால் 1,416 கடல்மைல், அதாவது 2,600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாலையோர மைல்கல்லைக் கொண்டு 'ஆறாங்கட்டை', 'எட்டாங்கட்டை' என்று தூரம் சொல்லி வளர்ந்தவன் என்பதால், 'கடற்கட்டை' என்று வைத்தால் என்ன என்று எனக்கும் ஆசை எழுந்தது. ஆனால் தமிழகத்து வாசகர் அதைக் கடலில் மிதக்கும் மரக்கட்டை என்றே கொள்வார். எனவே கடல்மைலே இருக்கட்டும்.